கிறிஸ்துமஸ் கள்ளி வளர்ப்பு: துவண்டதும் தண்ணீர் ஊற்றாதீர்கள், முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்

பேரில் கள்ளி இருப்பதால் நிறையப் பேர் இந்தச் செடியை மொட்டை வெயிலில் வைத்து, எப்போதாவது கொஞ்சம் தண்ணீர் காட்டிவிட்டு, ஏன் இப்படிச் சிவந்து சுருங்குகிறது என்று தவிக்கிறார்கள். இது பாலைவனத்துக் கள்ளி இல்லை. தென்கிழக்கு பிரேசிலின் கடலோர மலைக்காடுகளில், மரக்கிளைகளிலும் பாறை இடுக்குகளிலும், அங்கே சேர்ந்து மட்கிப்போன இலைக்குப்பைக்குள் வேர்விட்டு வளர்கிற செடி. அந்த இடத்தில் நிழல் இருக்கும், அடிக்கடி ஈரம் கிடைக்கும், ஆனால் வேரைச் சுற்றித் தண்ணீர் தேங்கவே தேங்காது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்வதில் பாதியை நீங்களே ஊகித்துவிடலாம்.

1. உங்களிடம் இருப்பது எது?

இலை மாதிரி தெரிகிற ஒவ்வொரு துண்டும் உண்மையில் தட்டையான தண்டுதான். அதன் ஓரத்தைப் பாருங்கள். கூரான பற்கள் இருந்து, பூவின் மகரந்தம் மஞ்சளாக இருந்தால் அது தாங்க்ஸ்கிவிங் கள்ளி (நவம்பரில் வரும் அமெரிக்கப் பண்டிகையின் பெயர்). கிறிஸ்துமஸ் கள்ளி என்ற பெயரில் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான், நவம்பரிலேயே பூக்கத் தொடங்கிவிடும். ஓரம் மழுங்கி, வளைவு வளைவாக இருந்தால் அசல் கிறிஸ்துமஸ் கள்ளி, இது சில வாரம் தாமதித்துப் பூக்கும். துண்டின் நுனியில் மெல்லிய முடிகளும் நட்சத்திர வடிவப் பூவும் இருந்தால் ஈஸ்டர் கள்ளி, அது வசந்தத்தில்தான் பூக்கும், டிசம்பரில் எதிர்பார்த்துப் பயனில்லை. (இந்த மாதங்கள் பூமியின் வடபாதிக்கு. இரவு நீள்வதுதான் கணக்கு என்பதால், சொந்த ஊரான பிரேசிலில் கிறிஸ்துமஸ் கள்ளி மே மாதத்தில் பூக்கிறது.) மூன்றுக்கும் பராமரிப்பு ஏறக்குறைய ஒன்றே.

2. இடம், மண், தண்ணீர்

நல்ல வெளிச்சம் வேண்டும், உச்சி வெயில் நேராகப் படக்கூடாது. கிழக்கு ஜன்னல் ரொம்பப் பொருத்தம். துண்டுகள் செம்ஊதா நிறமாக மாறினால் வெயில் அதிகம் என்று அர்த்தம், கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள்.

மண் லேசாக, காற்றோட்டமாக இருக்க வேண்டும். சாதாரணத் தொட்டிக் கலவை இரண்டு பங்குக்கு பெர்லைட்டோ (மண்ணில் காற்றோட்டத்துக்காகச் சேர்க்கும் லேசான வெள்ளைக் கல் துகள்) ஆர்க்கிட் செடிக்குப் போடும் மரப்பட்டைத் துண்டுகளோ ஒரு பங்கு கலந்தால் போதும். தொட்டியின் அடியில் ஓட்டை கட்டாயம். பெரிய தொட்டி வேண்டவே வேண்டாம், வேர் எட்டாத மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அழுகலுக்கு வழி செய்யும். வேர் கொஞ்சம் நெருக்கமாக இருந்தாலே இதற்குப் பிடிக்கும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை தொட்டி மாற்றினால் சரி.

தண்ணீருக்கு நாள்கணக்கு வைக்காதீர்கள். மேல்மண்ணில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் காய்ந்ததும், அடி ஓட்டை வழியாக வடியும் வரை ஊற்றுங்கள், தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். புதுத்துண்டு விடும் காலத்தில் மாதம் ஒருமுறை, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் பாதி உரம் போதும். கோடை முடிந்ததும் உரத்தை நிறுத்துங்கள்.

3. துவண்டு போனால்

நான் ரொம்ப அக்கறையோடு சொல்ல விரும்புவது இந்தப் பகுதியைத்தான், ஏனென்றால் இந்தச் செடிகள் அதிகமாகச் சாவது இங்கேதான். தண்ணீர் போதாமல் துவண்ட செடியும், தண்ணீர் அதிகமாகி வேர் அழுகித் துவண்ட செடியும் மேலே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, அதனால் ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி தாகத்தில் சுருங்கும். அதைப் பார்த்துப் பாவப்பட்டு இன்னும் ஊற்றினால் கதை முடிந்தது.

அதனால் முதலில் விரலை மண்ணுக்குள் விடுங்கள், தொட்டியைத் தூக்கிப் பாருங்கள்.

மண் காய்ந்து தொட்டி லேசாக இருந்தால் தாகம்தான், பயமில்லை. ஆனால் இங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது: ரொம்பக் காய்ந்த கலவை சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகிவிடும், நீங்கள் ஊற்றும் தண்ணீர் அந்த இடைவெளி வழியே கீழே ஓடிவிடும், மண்ணுருண்டை நனையவே நனையாது. தொட்டியை ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து, அடியிலிருந்து உறிஞ்ச விட்டு, பிறகு நன்றாக வடியவிடுங்கள்.

மண் ஈரமாக இருந்து செடி துவண்டிருந்தால் தயங்காமல் வெளியே எடுங்கள். நல்ல வேர் வெளிறி, உறுதியாக இருக்கும். அழுகியது கருத்து, கொழகொழவென்று, தொட்டதும் தோல் உரிந்து வரும். அழுகியதை எல்லாம் சுத்தமான கத்தரியால் வெட்டிவிட்டு, மிஞ்சிய வேர் அளவுக்கு ஏற்ற சின்னத் தொட்டியில் புதுக் கலவையில் நடுங்கள், சில நாள் தண்ணீர் வேண்டாம், உரம் கூடவே கூடாது. புது வேர் வரும் வரை, அதாவது பல வாரம், அது துவண்டேதான் இருக்கும், பொறுமையாக இருங்கள். தண்டின் அடிப்பகுதியே மெத்தென்று ஆகிவிட்டால் அந்தச் செடியைக் காப்பாற்ற முடியாது, மேலே இருக்கும் நல்ல துண்டுகளையாவது எடுத்துப் பதியம் போடுங்கள், அதைக் கடைசிப் படியில் சொல்கிறேன்.

வயதான செடியில் அடித்தண்டு பழுப்பாக, மரம் மாதிரி கெட்டியாவது நோய் இல்லை.

4. பூக்க வைப்பது

மொட்டு வைக்க இரண்டு விஷயம்: நீண்ட இருட்டு, குளிர்ந்த இரவு. இரவில் 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் இருட்டைப் பற்றிக் கவலைப்படாமலே மொட்டு வைத்துவிடும். 15 முதல் 20 டிகிரி என்றால் தினமும் 13, 14 மணி நேரம் தொடர்ந்த இருட்டு, ஆறு வாரம் வரைக்கும் வேண்டும். அதற்கும் மேல் வெப்பமான இரவுகளில் மொட்டு வருவது கஷ்டம், வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையைத் தேடுங்கள்.

இருட்டு என்றால் முழு இருட்டு. நடுராத்திரி அறை விளக்கைக் கொஞ்ச நேரம் போட்டாலும், ஜன்னல் வழியே தெருவிளக்கு விழுந்தாலும் கணக்கு கெட்டுவிடும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு அட்டைப்பெட்டியால் மூடி காலை எட்டு மணிக்கு எடுத்துவிடுங்கள், பகலில் வழக்கமான வெளிச்சம் கிடைக்கட்டும். நுனிகளில் குண்டூசித் தலை அளவு மொட்டு தெரிந்ததும் மூடுவதை நிறுத்தலாம்.

அப்புறம் செடியை இடம் மாற்றாதீர்கள். மொட்டு உதிர்வதற்கு முக்கியக் காரணமே திடீர் மாற்றம்தான்: ஏசி காற்று, ஹீட்டர், வெளிச்சம் குறைவது, மண் ஒரேயடியாகக் காய்வது. வாழைப்பழம், ஆப்பிள் மாதிரி பழுக்கும் பழங்களுக்குப் பக்கத்தில் வைத்தாலும் அவை விடும் எத்திலீன் வாயுவில் மொட்டு கொட்டும். ஒரே நுனியில் நிறைய மொட்டு வந்து சிலது விழுந்தால் பரவாயில்லை, தாங்க முடிந்ததை மட்டும் செடி வைத்துக்கொள்கிறது. வெள்ளைப் பூ ரகம் இளஞ்சிவப்பாகப் பூத்தால் ஏமாந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள், மொட்டு குளிரில் வளர்ந்தால் அப்படி ஆவது உண்டு.

5. பூச்சி, கத்தரிப்பு, பதியம்

கணுக்களில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து, வாரம் ஒருமுறை பார்த்துப் பார்த்துத் திரும்பச் செய்யுங்கள்.

பூ முடிந்ததும் ஒவ்வொரு கிளையிலும் ஒன்றிரண்டு துண்டைக் கணுவில் பிடித்துத் திருகி எடுத்தால், அந்த இடத்தில் இரண்டு கிளை விட்டுச் செடி அடர்த்தியாகும். பதியத்துக்கு மூன்று துண்டு சேர்ந்த கிளையாக எடுத்து, வெட்டுவாய் காய ஒன்றிரண்டு நாள் நிழலில் போட்டு, கீழ்த்துண்டு பாதி புதையும்படி ஈரமான கலவையில் செருகுங்கள். ஒரே தொட்டியில் நாலைந்து கிளை சேர்த்து நட்டால் சீக்கிரம் நிறைந்து தெரியும். சில வாரம் கழித்து மெல்ல இழுத்துப் பாருங்கள், வராமல் பிடித்துக்கொண்டால் வேர் விட்டுவிட்டது, அன்றிலிருந்து பெரிய செடிக்குச் செய்வதையே இதற்கும் செய்யலாம்.