டைகாஸ்ட் சிப்மங் வாங்கின ஆக்கள் விடுற பிழைகள்

டைகாஸ்ட் சிப்மங் எண்டா சிப்மங் எண்ட பயிற்சி விமானத்தை உலோகத்துல வார்த்த சின்ன மொடல். கையில எடுத்தா பாரமா இருக்கு, அப்ப இது இரும்பு, விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது எண்டு நினைக்கிறதுதான் முதல் பிழை, மத்தப் பிழையெல்லாம் அதுலருந்துதான் வருது. டைகாஸ்ட் விமானம் இரும்பே இல்ல. நாகத்தோட, அதாவது துத்தநாகத்தோட (சிங்க்), கொஞ்சம் அலுமினியம், மக்னீசியம், செம்பு சேர்த்து உருக்கி அச்சுக்குள்ள அழுத்தி வார்க்கிறது. அதுலயும் உடம்பும் செட்டையும்தான் உலோகம், புரொப்பெல்லர், சில்லு பூட்டுற கால், மேல இருக்கிற கண்ணாடி மூடி எல்லாம் பெரும்பாலும் பிளாஸ்டிக்.

என்ட சிப்மங் 1:72 அளவு, அதாவது உண்மையான விமானத்துல 72ல ஒரு பங்கு. 1946ல முதல் பறந்த உண்மையான விமானத்துக்கு செட்டை நுனிக்கு நுனி கிட்டத்தட்ட 10.5 மீற்றர், மொடல்ல அது 14.5 சென்டிமீற்றர்தான், அப்ப அந்தச் சில்லுக் கால் எவ்வளவு மெல்லிசா இருக்கும் எண்டு பாருங்க. வாலைப் பிடிச்சோ புரொப்பெல்லரைப் பிடிச்சோ தூக்காதீங்க, செட்டை உடம்போட சேர்ற இடத்துல ரெண்டு பக்கமும் பிடிச்சு எடுங்க.

மறுகா நம்மட ஊர்க் காத்து. மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் வீடெண்டா ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, உப்பும் ஈரமும் எந்த நேரமும் இருக்கும், மாரி தொடங்கினா சொல்லவே வேணாம். பெயின்ற் உரிஞ்ச இடத்துல அந்த ஈரம் பட்டுப் பட்டு வெள்ளையா மா மாதிரி பூக்கும். அதுக்குப் பயந்து புதுசா செஞ்ச மர அலுமாரிக்குள்ள பூட்டி வைக்கிறதும் பிழைதான், பச்சை மரமும் பிளைவூட்டும் விடுற ஆவியில அமிலம் இருக்கு, அது நாகத்தை அரிக்கும். கண்ணாடிப் பெட்டி எடுத்து உள்ளுக்கு சிலிக்கா ஜெல் பக்கற் போடுங்க, நிறம் மாறினா மாத்துங்க. கச்சான் காத்துக் காலத்து வெயில் அடிக்கிற ஜன்னலோரம் மட்டும் வைக்காதீங்க, மூடி மஞ்சளாகிரும்.

துடைக்கிறதுலதான் கூடப் பேர் நாசமாக்குறது. நகப்பூச்சு அழிக்கிற தண்ணியால துடைச்சா வட்டச் சின்னம், இலக்கம் எல்லாம் பெயின்றோட வந்துரும். மெல்லிய மேக்கப் பிரஷ் போதும். உடைஞ்ச மூடியை சுப்பர் குளூ போட்டு ஒட்டினா அதுட புகையில கண்ணாடி வெள்ளையா மங்கிரும், என்ட மச்சான்ட விமானம் அப்பிடித்தான் போச்சு, பாக்கவே கவலையா இருந்துச்சு. மூடிக்கு வெள்ளை பீவிஏ பசைதான் சரி, காஞ்சா தெளிவாகும்.

இன்னொண்டு, 1951ல றோயல் சிலோன் விமானப்படை தொடங்கக்குள்ள முதல்ல வந்ததும் சிப்மங்தான் எண்டு தெரிஞ்சா நமக்கும் அந்த நிறத்துல ஒண்டு வேணும் எண்டு ஆசை வரும். அந்த ஆசையில பிரிட்டன்ட றோயல் விமானப்படை நிறத்துல வந்த நல்ல மொடலைச் சுரண்டி பெயின்ற் அடிக்காதீங்க, சேர்க்கிற ஆக்கள்ட்ட அதுக்குப் பிறகு விலை இல்ல. பிளாஸ்டிக் கிட் வாங்கி அதுல அடிங்க. பெட்டியையும் எறியாதீங்க.

பழசு வாங்குறதெண்டா, அதுவும் ரெண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தின டிங்கி (பழைய பிரிட்டிஷ் பொம்மைக் கம்பனி) விமானமெண்டா, காசு குடுக்க முன்னம் வெளிச்சத்துல பிடிச்சு பாருங்க. அந்தக் காலத்து நாகத்துல ஈயம் கலந்திருந்தா உலோகம் உள்ளுக்குள்ளேயே அரிச்சு ஊதி, செட்டை வளைஞ்சு, மயிர் மாதிரி வெடிப்பு ஓடும். அதுக்கு மருந்தே இல்ல. ஆனா ஒண்டுலருந்து மத்ததுக்குத் தொத்தாது, பக்கத்துல வெச்சிருந்தா பயப்பிட வேணாம்.