பகல்ல கேமரா லைட்ட ஆஃப் பண்ணிடுங்க

கொடைக்கானல் ஏரில அண்டர்வாட்டர் கேமரா விட்டு மீன் தேடுறவங்க பகல்ல அதோட எல்இடி லைட்ட ஆஃப் பண்ணிட்டு, லென்ஸுக்குப் பின்னாடி வெயில் இருக்குற மாதிரி இறக்கி, தரைக்கு ஒரு அடி மேலயே நிறுத்தி கொஞ்ச நேரம் ஆட்டாம விடுங்க. தண்ணில மிதக்குற தூசு பூரா அந்த லைட்ட திருப்பி லென்ஸுக்கே அடிக்கும், ஸ்கிரீன் வெள்ளையாயிடும், பெருமாள்மலை ரோட்ல மூடுபனிக்குள்ள ஹைபீம் போட்ட கதைதான். தரைய தொட்டா சேறு கிளம்பிடும், கெண்டை பக்கத்துலயே மேஞ்சாலும் தெரியாது. (பாசிக்குள்ள மட்டும் விடாதீங்க, சிக்குனா ஒயரோட போச்சு.)

ஆழத்துலயும் இருட்டுனப்புறமும் லைட் வேணும். பெருமழைக்கப்புறம் தண்ணி டீ கலர்ல கெடக்குறப்ப லைட் போட்டாலும் போடலனாலும் ஒண்ணுந்தெரியாது, கேமரா பையிலயே இருக்கட்டும்.