வாணவேடிக்கை பார்க்கப் படகில் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 நெருங்கினால் போதும், ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் லேனியர் ஏரிப் பேச்சு தொடங்கிவிடும். யாராவது ஒருவர் புதிதாகப் படகு வாங்கியிருப்பார், இல்லையென்றால் நாலு குடும்பம் சேர்ந்து ஒரு பான்டூன் படகை (மிதக்கும் குழாய்களின் மேல் தட்டையான தளம் போட்டது) வாடகைக்குப் பேசியிருப்பார்கள். பெரிய தட்டு நிறையப் பிரியாணி, இரண்டு ஐஸ் பெட்டி, குழந்தைகள் ஏழெட்டுப் பேர். சாயங்காலம் கிளம்பி, இருட்டியதும் தண்ணீரில் இருந்தபடியே வாணவேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். நானும் போயிருக்கிறேன். மேலே விரிகிற ஒவ்வொரு பூவும் கீழே தண்ணீரில் இன்னொரு தடவை விரியும், கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அது கிடைக்காது. அதனால் போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பகலில் நன்றாகப் படகு ஓட்டுகிறவர்களே அந்த ஓர் இரவில் தவறு செய்கிறார்கள். அதில் வாணத்தால் வரும் ஆபத்து கொஞ்சம்தான்; மீதியெல்லாம் கூட்டத்தாலும் இருட்டாலும், எல்லாரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குக் கிளம்புவதாலும் வருவது.

2012 ஜூலை 4 இரவு நியூயார்க்கின் லாங் ஐலண்டில், ஆய்ஸ்டர் பே என்ற இடத்தில் நடந்ததைச் சொன்னால் புரியும். 34 அடி நீளப் படகு, அதில் 27 பேர். வாணவேடிக்கை முடிந்து திரும்பும்போது படகு கவிழ்ந்தது. கீழே அறைக்குள் இருந்த மூன்று குழந்தைகள் வெளியே வர முடியாமல் இறந்துபோனார்கள். மூத்த குழந்தைக்கு வயது 12. ஓடின படகு, நல்ல வானிலை, கரை பக்கத்திலேயே, சுற்றிலும் ஏகப்பட்ட படகுகள். அப்படி இருந்தும் காப்பாற்ற முடியவில்லை.

"பெரிய படகுதானே, இன்னும் ரெண்டு பேர் ஏறட்டும்" என்பதுதான் முதல் தவறு, மற்ற எல்லாத் தவறையும் விடப் பெரியதும் அதுதான். அமெரிக்கச் சட்டப்படி 20 அடிக்குக் குறைவான மோட்டார் படகில் எத்தனை பேர், எவ்வளவு எடை என்று பொறித்த ஒரு தகடு இருக்க வேண்டும். அதைவிட நீளமான படகுக்கு மத்திய அரசின் சட்டம் அந்தத் தகட்டைக் கேட்பதில்லை, அதனால் பெரிய படகு வைத்திருப்பவர்கள் உட்கார இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஆட்களை ஏற்றிவிடுகிறார்கள். இருக்கைக் கணக்கும் படகு தாங்கும் கணக்கும் ஒன்றல்ல. உங்கள் படகில் தகடு இருந்தால் அதில் உள்ள எண்ணைப் படியுங்கள், இல்லையென்றால் படகோடு வந்த கையேட்டைப் பாருங்கள் அல்லது தயாரித்தவரிடம் கேளுங்கள். சின்னக் குழந்தையும் ஓர் ஆள்தான், மடியில் உட்கார்ந்திருந்தாலும் சரி. ஐஸ் பெட்டிகளும் சாப்பாட்டுத் தட்டும் எடைதான். நம் ஆட்களிடம் இதில் ஒரு கூச்சம் வேறு இருக்கிறது, கடைசி நேரத்தில் ஊரிலிருந்து வந்த மாமனார் மாமியாரோடு ஒரு குடும்பம் வந்து நிற்கும்போது "இடமில்லை" என்று எப்படிச் சொல்வது? சொல்லுங்கள். அவர்களோடு நீங்களும் கரையில் இருந்துவிடுங்கள், அல்லது முதல் நாளே எண்ணிக்கையைக் குழுவில் போட்டு மூடிவிடுங்கள்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் எல்லாரும் ஒரே பக்கம் போனால் படகு தாங்காது. தேக்கடி நமக்கெல்லாம் நினைவிருக்கும். 2009 செப்டம்பர் 30, ஜலகன்யகா படகு, கரையில் விலங்குகளைப் பார்க்க ஆட்கள் ஒரு பக்கமாகத் திரண்டபோது சாய்ந்து கவிழ்ந்தது, 45 பேர் இறந்தார்கள். வாணவேடிக்கையிலும் அதேதான் நடக்கும். முதல் வாணம் மேலே போனவுடன் எல்லாரும் எழுந்து அந்தப் பக்கம் வருவார்கள், செல்போனைத் தூக்கிப் பிடிப்பார்கள். பான்டூன் படகில் இன்னொரு சிக்கல் உண்டு: கூட்டம் முன்பக்கக் கம்பிக் கதவருகே போய் நின்றால் முன்முனை தண்ணீருக்குள் தாழும், அந்த நேரத்தில் எதிரே ஓர் அலை வந்தால் தண்ணீர் நேரே தளத்தின் மேல் ஏறும். ஆகவே வெடிக்கும் திசைக்குப் படகின் எந்தப் பக்கம் இருக்கப்போகிறது என்று முன்கூட்டியே பார்த்து, எல்லாருக்கும் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிகிற மாதிரி படகை நிறுத்துங்கள். எழுந்து நிற்க வேண்டிய தேவையே வரக்கூடாது.

வாணத்துக்கு எவ்வளவு கிட்டப் போகலாம்? பொதுவாக இந்த நாட்டில் பின்பற்றும் விதி, வாணக் குண்டின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு 70 அடி தூரம். 8 அங்குலக் குண்டு என்றால் சுற்றிலும் 560 அடி, 12 அங்குலம் என்றால் 840 அடி ஆள் நடமாட்டமே இருக்கக்கூடாது. கடலிலும் துறைமுகங்களிலும் கடலோரக் காவல்படை இதற்கென்று பாதுகாப்பு வளையம் அறிவிக்கும், படகுகள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் ரேடியோவிலும் சொல்வார்கள். ஏரிகளில் உள்ளூர் அதிகாரிகள் மிதவை போட்டோ ரோந்துப் படகு நிறுத்தியோ எல்லை காட்டுவார்கள். "கொஞ்சம் உள்ளே போனால் என்ன, யாரும் பார்க்கவில்லை" என்று நகர்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 2012இல் சான் டியகோ துறைமுகத்தில் கணினிக் கோளாறால், முழு நிகழ்ச்சிக்கும் வைத்திருந்த வாணங்கள் எல்லாம் அரை நிமிடத்துக்குள் மொத்தமாக வெடித்துத் தீர்ந்தன. யாருக்கும் காயம் இல்லை, ஏனென்றால் அந்த வளையத்துக்குள் வேடிக்கை பார்க்க யாரையும் விடவில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றும் பாருங்கள், எரியும் துகளும் புகையும் காற்று போகிற பக்கம்தான் விழும். துணிக்கூரை போட்ட படகு அந்தப் பக்கம் நின்றால் கூரையில் ஓட்டை விழும், அல்லது அதைவிட மோசமாகும். தண்ணீரில் வெடிக்காத குண்டு மிதந்தால் கையால் தொடாதீர்கள், குழந்தைகளுக்கு ஞாபகார்த்தமாக எடுத்து வைக்காதீர்கள்.

சரி, விளக்குக்கு வருகிறேன். வாணம் நன்றாகத் தெரிய வேண்டும் என்று படகின் எல்லா விளக்கையும் அணைத்துவிடுவது ரொம்பப் பேர் செய்கிற தப்பு. நங்கூரம் போட்டு நிற்கும் படகு, சுற்றிலும் எல்லாப் பக்கமும் தெரிகிற ஒரு வெள்ளை விளக்கை எரியவிட வேண்டும். ஓடும்போது இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, அதோடு வெள்ளை. அந்த வெள்ளை விளக்கு பல படகுகளில் ஒரு கம்பத்தில் செருகுகிற மாதிரிதான் இருக்கும், பகல் முழுக்க அது இருக்கைக்கு அடியில் கிடக்கும், ராத்திரி தேடினால் கிடைக்காது. கிடைத்தாலும் துணிக்கூரை அதை மறைக்கும், அல்லது யாராவது அதன் முன்னால் நின்றுகொண்டிருப்பார்கள். வெளிச்சம் இருக்கும்போதே செருகி, எரிகிறதா என்று பார்த்து வையுங்கள். அப்புறம் அழகுக்காகப் படகின் அடியில் ஒட்டும் கலர் விளக்குகள். சிவப்பும் பச்சையும் கண்ட இடத்தில் மினுங்கினால் எதிரில் வருகிறவருக்கு உங்கள் படகு எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியாது. கரையோரம் கட்டும்போது மட்டும் போட வேண்டிய முன்விளக்கைக் கார் ஹெட்லைட் மாதிரிப் போட்டுக்கொண்டு ஓடுவதும் அப்படித்தான், எதிரே வருகிறவர் கண் கூசிப் போகும்.

நங்கூரத்தில் நாங்களே பட்டுத் தெரிந்துகொண்டோம். லேனியர் ஒரு நதிப் பள்ளத்தாக்கை அணை கட்டி நிரப்பிய ஏரி, கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே ஆழம் எக்கச்சக்கம். ஆழத்தைப்போல ஏழு மடங்கு கயிறு விட வேண்டும் என்பது கணக்கு, காற்றே இல்லாமல் இருந்தால் ஐந்து மடங்கு. எங்களிடம் இருந்ததோ 50 அடிக் கயிறு. அதை 30 அடி ஆழத்தில் போட்டுவிட்டு நின்றுவிட்டதாக நினைத்துக்கொண்டோம். எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது பத்து வயதுப் பையன் ஒருவன் மட்டும், "மாமா, அந்தப் படகு நம்ம பக்கம் வருது" என்றான். வந்தது அந்தப் படகு இல்லை, நாங்கள்தான் நகர்ந்துகொண்டிருந்தோம். இரண்டு கை தூரத்தில் தள்ளி நிறுத்தினோம். அன்றிலிருந்து நங்கூரம் போட்டதும் கரையில் இரண்டு விளக்குகளை ஒரே நேர்கோட்டில் பார்த்து வைத்துக்கொள்கிறேன், அவை ஒன்றிலிருந்து ஒன்று விலகினால் படகு இழுபடுகிறது என்று அர்த்தம். நங்கூரத்தைப் படகின் முன்பக்கத்திலிருந்துதான் போட வேண்டும், பின்பக்கம் கட்டினால் அலை பின்னால் ஏறிப் படகை நிரப்பிவிடும்.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி நூறு தடவை சொன்னாலும் போதாது. அமெரிக்காவில் படகு விபத்தில் மூழ்கி இறப்பவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அதை அணியாதவர்கள் என்று கடலோரக் காவல்படையின் ஆண்டுக் கணக்குகள் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. படகில் இருந்தது, ஆனால் இருக்கைக்கு அடியில் இருந்தது. ஜார்ஜியாவில், ஓடுகிற படகின் திறந்த தளத்தில் 13 வயதுக்குட்பட்ட குழந்தைகள் அணிந்தே ஆக வேண்டும். ஆனால் படகு நின்றவுடன் "வேர்க்குது" என்று கழற்றுவார்கள், பெரியவர்களும் சரி என்பார்கள், அதற்குப் பிறகுதான் இருட்டு வரும். இருட்டில் தண்ணீரில் விழுந்த குழந்தையை வாணச் சத்தத்துக்கு நடுவில் யார் கேட்பார்கள்? பெரியவர்களின் ஜாக்கெட் குழந்தைக்கு உதவாது, தலை வழியே கழன்று போகும். 2012 அக்டோபர் 1 அன்று ஹாங்காங்கில் வாணவேடிக்கை பார்க்கக் குடும்பங்களோடு போன படகு மோதி மூழ்கியதில் 39 பேர் இறந்தார்கள், அவர்களில் 8 பேர் குழந்தைகள். அந்தப் படகில் குழந்தை அளவு ஜாக்கெட்டே இல்லை என்று விசாரணையில் தெரிந்தது. அளவு சரியா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. போட்டுக் கொக்கிகளை மாட்டிய பிறகு, இரண்டு தோளிலும் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் தாடையைத் தாண்டி மேலே வந்தால் அது அந்தக் குழந்தைக்கு இல்லை.

குடித்துவிட்டு ஓட்டினால் காரில் பிடிப்பதுபோலவே படகிலும் பிடிப்பார்கள், ரத்தத்தில் மது 0.08 சதவீதம் என்ற அதே அளவுதான். ஓட்டுகிறவர் மட்டும் குடிக்காமல் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள், தடுமாறி விழுகிறவர் பெரும்பாலும் பயணியாகத்தான் இருப்பார்.

இன்னும் இரண்டு விஷயம், அதிகம் பேர் யோசிக்காதவை. நாலைந்து படகைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டிப் போட்டு, பாட்டுக்காகவோ ஏசிக்காகவோ எஞ்சினை ஓட விடுவது. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, நிறமும் வாசனையும் கிடையாது, காற்றில்லாத இரவில் படகுகளுக்கு நடுவே தங்கும். தலைவலிக்கிறது, தூக்கம் வருகிறது என்று குழந்தை சொன்னால் களைப்பு என்று விட்டுவிடாமல் உடனே எஞ்சினை நிறுத்திக் காற்றோட்டத்துக்கு நகருங்கள். இரண்டாவது, ஆபத்துக் காலத்தில் கொளுத்தும் சிவப்பு ஃப்ளேரைக் கொண்டாட்டத்துக்காகக் கொளுத்துவது. அது குற்றம். நிஜமாகவே உதவி வேண்டுமென்றாலும் வானமே எரிகிற அந்த அரை மணி நேரத்தில் உங்கள் ஃப்ளேரை யாரும் கவனிக்கமாட்டார்கள், அதை மட்டும் நம்பாதீர்கள். கடலென்றால் விஎச்எஃப் சேனல் 16, ஏரியென்றால் தண்ணீர் புகாத உறையில் முழு சார்ஜோடு ஒரு போன். அதைப் படம் எடுக்கப் பயன்படுத்தாமல் ஒருவர் பையில் வைத்திருக்கட்டும்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர்கள்கூடக் கடைசியில் கோட்டை விடுவது முடிவு வாணம் வெடித்த அடுத்த நிமிடத்தில். நூற்றுக்கணக்கான எஞ்சின்கள் ஒன்றாக உறுமும். வெளிச்சம் பார்த்துப் பார்த்துக் கண் கூசியிருக்கும். அது இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். ஏரியில் மேடு இருக்கும் இடத்தைக் காட்டும் குறிகளில் பலவற்றுக்கு விளக்கு கிடையாது. எல்லாப் பக்கத்திலிருந்தும் அலை ஒன்றோடொன்று மோதும். 2014 ஜூலை 4 இரவு மயாமியின் பிஸ்கேன் விரிகுடாவில் மூன்று படகுகள் மோதி நால்வர் இறந்தது வாணவேடிக்கை முடிந்து திரும்பும் நேரத்தில்தான். ஆகவே அவசரப்படாதீர்கள். மிச்சமிருக்கும் பிரியாணியைச் சூடு ஆறிப்போனாலும் பரவாயில்லை என்று அப்போது எடுங்கள், அரை மணி, முக்கால் மணி போகட்டும். போனை எல்லாரும் கீழே வையுங்கள். கிளம்பும்போது முன்னால் ஒருவர் இடது பக்கமும் இன்னொருவர் வலது பக்கமும் கண் வைத்துக்கொண்டு வரட்டும். மெதுவாக, அலை எழும்பாத வேகத்தில் போங்கள். ஜார்ஜியாவில், நங்கூரம் போட்டோ கட்டியோ நிற்கும் இன்னொரு படகுக்கு 100 அடிக்குள் போனால் அப்படித்தான் போக வேண்டும், சட்டமே அது. எதிரே பெரிய அலை வந்தால் பக்கவாட்டில் வாங்காமல், வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் சாய்வாக முன்பக்கத்தில் வாங்குங்கள். குழந்தைகள் தூங்கிவிட்டார்கள் என்று கீழ் அறையில் படுக்க வைக்காதீர்கள், மேலே உங்கள் பக்கத்திலேயே, ஜாக்கெட்டோடு தூங்கட்டும்.

வாடகைப் படகு எடுக்கிறவர்களுக்கு ஒன்று: பல இடங்களில் இருட்டுவதற்குள் படகைத் திருப்பித் தந்துவிட வேண்டும், ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஏழு மணிக்குப் போன் வந்ததும் பதறிக்கொண்டு முழு வேகத்தில் திரும்புகிற கூட்டத்தைப் பார்த்தேன். அதற்குப் பதில், ஓட்டுநரோடு வருகிற படகைப் பேசிவிடலாம்.

கிளம்பும் முன்னால் கரையில் இருக்கும் ஒருவரிடம் எத்தனை பேர் போகிறீர்கள், எந்த இடத்தில் நிற்பீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று செய்தி அனுப்பிவிடுங்கள். ஏறும்போது எண்ணுங்கள், இறங்கும்போதும் எண்ணுங்கள். நாங்கள் பதினொரு பேர் போவோம், கயிற்றைக் கட்டி எஞ்சினை அணைத்த பிறகு, படகுத்துறையில் பலகை மேல் ஒவ்வொருவரும் கால் வைக்கும்போது சத்தமாக எண்ணுவோம், பதினொன்று வந்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புவோம்.