விபத்து நஷ்ட ஈடு: இன்சூரன்ஸ் கிளெய்ம் வேறு, தீர்ப்பாயத்தில் போடும் வழக்கு வேறு

2022 ஜூன் மாதம், வேளச்சேரியில் என் தங்கை கணவர் பைக்கில் போய்க்கொண்டிருந்தபோது வலதுபக்கம் வந்த லோடு வேன் திடீரென்று இடதுபக்கம் ஒடித்து அவரைத் தள்ளிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து ராடு வைத்தார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "கேஸ் போட்டாச்சா?" போலீஸில் எழுதிக் கொடுத்தாயிற்று, அதனால் போட்டாச்சு என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது தப்பு என்று புரியவே நாலு மாதம் ஆயிற்று. உங்களுக்கு அந்த நாலு மாதம் வீணாகக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில் மூன்றையும் பிரித்துக்கொள்ளுங்கள்

போலீஸ் எஃப்.ஐ.ஆர். என்பது ஓட்டுநர் மேல் போடும் குற்ற வழக்கு. அதிலிருந்து உங்கள் கைக்குப் பணம் வராது. கிளெய்ம் என்பது இன்சூரன்ஸ் கம்பெனியிடம் நீங்கள் கேட்பது. தருவதா, எவ்வளவு தருவது என்று பணம் கட்ட வேண்டிய கம்பெனியே முடிவு செய்யும். மூன்றாவது, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போடும் மனு. அங்கே இரண்டு பக்கமும் இல்லாத ஒரு நீதிபதி சாட்சி கேட்டு முடிவு செய்வார். சென்னையில் இது உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கும் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் நடக்கிறது. வழக்கறிஞர்கள் எம்.சி.ஓ.பி. என்பார்கள், குமாஸ்தாவிடம் பேசும்போது அந்தப் பெயரையே சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் முதல் அரை மணி நேரம்

எங்களை விழத்தட்டியது இந்த இடம்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். விபத்துக் கேஸ் வந்தால் ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், அதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்பது. என்ன ஆச்சு என்று டாக்டர் கேட்டதும் மாப்பிள்ளை வலியில் "விழுந்துட்டேன்" என்றார், அவ்வளவுதான். பதிவேட்டில் 'பைக்கில் இருந்து தானாக விழுந்தார்' என்ற பொருளில் ஒரு வரி ஏறிவிட்டது. வேனைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன், ரத்தத்தைப் பார்த்த பதற்றத்தில் அதைக் கவனிக்கவே இல்லை.

வேனின் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நான் கடிதம் எழுதி, நினைவூட்டி, மறுபடி எழுதி, கடைசியில் வந்த பதில் இதுதான்: ஆஸ்பத்திரிப் பதிவின்படி இவர் தானாக விழுந்தவர், எங்களுக்குப் பொறுப்பில்லை. அந்த ஒரு வரியோடு கிளெய்ம் முடிந்துபோனது.

அதனால் கூடப் போகிறவர் யாராக இருந்தாலும், எந்த வண்டி, என்ன நம்பர், எப்படி இடித்தது என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லி, எழுதியதை ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். காசைப் பற்றி அந்த நேரத்தில் பயப்பட வேண்டாம், தமிழக அரசின் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் சேர்ந்திருக்கும் ஆஸ்பத்திரி என்றால் முதல் 48 மணி நேர சிகிச்சைக்குப் பணம் கேட்க மாட்டார்கள். போலீஸ் புகாரை மறுநாளுக்குள் வண்டி நம்பரோடு கொடுத்துவிடுங்கள். நாங்கள் அதையாவது செய்திருந்தோம், பிறகு அதுதான் காப்பாற்றியது.

காகிதங்கள்

எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். காப்பி, காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, சம்பவ இட வரைபடம், வண்டியைச் சோதித்த மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, சம்பளச் சான்று. விபத்து வழக்கு ஆவணங்களைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், ஸ்டேஷனுக்கு நடையாய் நடப்பதைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். மருந்துக் கடை பில்களை அன்றன்றே ஜெராக்ஸ் எடுங்கள். அந்த வழவழப்பான தாளில் அச்சு நிற்காது, எங்களுடைய ஜூன் மாத பில்கள் அக்டோபரில் வெறும் வெள்ளைத் தாளாக இருந்தன. ஸ்கேன் ஆப் எல்லாம் அதற்கு அப்புறம்தான், பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு ஃபைல் போதும்.

ஆறு மாதக் கெடு

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி, விபத்து நடந்த 6 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். நீங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கடிதம் எழுதியதால் இந்தக் கெடு நிற்காது. அவர்கள் "பரிசீலனையில் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே இருக்கும்போதும் நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். எங்கள் மனுவைப் பதிவு செய்தபோது கெடு முடியப் பத்து நாள்தான் பாக்கி. இந்த விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள், அதை நம்பி உட்காராதீர்கள். போலீஸ் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும் அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ள சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் அது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் விட்டுவிடக் கூடாது.

2.5 லட்சத்துக்குக் கையெழுத்துப் போடும் முன்

யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலே, கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் உயிரிழப்புக்கு 5 லட்சமும் பெற அதே சட்டத்தின் 164ஆம் பிரிவில் வழி இருக்கிறது. உடனே பணம் தேவைப்படும் குடும்பத்துக்கு அது பெரிய உதவிதான், வாங்குவதை நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் போட்ட மனு காலாவதியாகிவிடும். அதனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 38 வயது, மாதம் 15,000 ரூபாய் வருமானம், உழைக்கும் திறனில் 30 சதவீதம் போயிற்று என்று வைத்துக்கொள்வோம். அந்த வயதுக்கு, 2009இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணைப்படி பெருக்கு எண் 15. 15,000 x 12 x 15 = 27 லட்சம், அதில் 30 சதவீதம் 8,10,000. மருத்துவச் செலவு, வலி, வேலைக்குப் போகாத மாதங்களின் சம்பளம் எல்லாம் இதற்கு மேல்.

அந்தச் சதவீதம் காலின் ஊனம் மட்டும் இல்லை, அவருடைய வேலைக்கு அது எவ்வளவு இடைஞ்சல் என்பதைப் பார்க்க வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மேஜையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கும் ஏணியில் ஏறிப் பெயிண்ட் அடிப்பவருக்கும் ஒரே கால் முறிவு ஒரே நஷ்டம் ஆகாது. என்ன வேலை செய்தார், இப்போது எதைச் செய்ய முடியவில்லை என்பதை மனுவிலேயே விவரமாக எழுதச் சொல்லுங்கள்.

தீர்ப்பாயத்தில்

அதே ஏ.ஆர். காப்பியை இங்கேயும் எதிர்த்தரப்பு வக்கீல் நீட்டினார். ஆனால் இங்கே பதில் சொல்ல எங்களுக்கு வழி இருந்தது. மறுநாளே கொடுத்த புகார், வேனின் இடதுபக்கக் கீறலைக் குறித்த ஆய்வாளர் அறிக்கை, மாப்பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்த ஆட்டோக்காரரின் சாட்சி. அந்த அண்ணன் ஒரு நாள் சவாரியை விட்டுவிட்டுக் கூண்டில் ஏறி, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். அன்றைக்கு அவருடைய போன் நம்பரை வாங்கி வைத்ததுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். தீர்ப்பு வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது, வேன்காரர் மேல்தான் தவறு என்று வந்தது.

வக்கீல் விஷயத்தில் ஒன்று: ஆஸ்பத்திரி வாசலில் வந்து கார்டு கொடுப்பவர்களிடம் போகாதீர்கள். வரும் பணத்தில் இத்தனை சதவீதம் என்று பேசுவதை பார் கவுன்சில் விதியே தடுக்கிறது, கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கேளுங்கள். வாய்தா தேதியை இகோர்ட்ஸ் ஆப்பில் நீங்களே பாருங்கள். நடுவில் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசலாம் என்பார்கள், நல்ல தொகை என்றால் போகலாம், ஆனால் அங்கே ஒத்துக்கொண்ட பிறகு மேல்முறையீடு கிடையாது.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், ஒரிஜினல் பில்களை எல்லாம் மெடிக்கிளெய்முக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி என்ன செய்வது என்று கேட்டார். கொடுக்கும் முன்பே ஆஸ்பத்திரி முத்திரையோடு இன்னொரு செட் வாங்க வேண்டும். கொடுத்துவிட்டிருந்தால் அந்தக் கம்பெனியிடமே சான்றிட்ட நகலும், எவ்வளவு தந்தார்கள் என்ற கடிதமும் எழுதிக் கேளுங்கள். இன்னொருவருக்கு விபத்து உளுந்தூர்பேட்டையில், வீடு பெரம்பூரில். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அங்கே போக வேண்டியதில்லை, குடியிருக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். முகவரிச் சான்றை மட்டும் மனுவோடு சேர்த்துவிடுங்கள்.