பூசைச் செம்பருத்தி: மொரீஷியஸில் போத்து நட்டு வளர்க்கும் முறை

அம்மனுக்குச் சாத்தும் ஒற்றையடுக்குச் சிவப்புச் செம்பருத்தியைத்தான் சொல்கிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் இதையே எடுங்கள். கடையில் தட்டு அகலப் பூவோடு நிற்கும் கலப்பினங்கள் பலவும் ஒட்டுக்கட்டியவை. போத்து, அதாவது வெட்டி நடும் கிளைத்துண்டு, வைத்தால் வேர் பலப்படாது.

செப்டம்பர், அக்டோபர் நல்ல காலம். குளிர் விலகித் தளிர் விடும். ஜனவரி அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும். கியூர்பிப் மாதிரி மேட்டுப்பகுதியில் இருப்பவர்கள் இன்னும் சில வாரம் பொறுக்கலாம்.

பென்சில் பருமனில், பச்சை மாறிப் பழுப்பு ஏறத் தொடங்கிய கிளையாகப் பாருங்கள். 12 முதல் 15 சென்டிமீட்டர் நீளம், கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வான வெட்டு. சமையலறைக் கத்தரிக்கோல் தண்டை நசுக்கும். கூரான கவாத்துக் கத்தரியே வேண்டும். நுனியில் இரண்டு இலை போதும், அவற்றையும் பாதியாக நறுக்குங்கள். மொட்டு இருந்தால் கிள்ளிவிடுங்கள். வேரூக்கிப் பொடி இந்தச் சிவப்புக்குத் தேவையே இல்லை.

இனி மணல். போத்து அழுகுவது பெரும்பாலும் இங்கேதான். காயல் மணல் அள்ள 2001-இல் தடை வந்த பிறகு நமக்குக் கிடைப்பது கருங்கல்லை அரைத்த மணல். அதில் மாவு போலத் தூள் நிறைய இருக்கும். அப்படியே போட்டால் தொட்டியின் அடியில் இறுகி, தண்ணீரை வடியவிடாது. வாளியில் கொட்டிக் கலக்கி, கலங்கல் நீரை ஊற்றிவிட்டுத் திரும்பக் கழுவுங்கள். நீர் தெளியும்வரை விடாதீர்கள். இரண்டு பங்கு மணலுக்கு ஒரு பங்கு மக்கிய உரம். பழைய பவள மணல் வீட்டில் கிடந்தாலும் வேண்டாம். அதன் சுண்ணாம்பு இலையை மஞ்சளாக்கும்.

போத்தின் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகட்டும். நிழலில் வையுங்கள். ஈரம் இருந்தால் போதும், சொதசொதப்பு கூடாது. ஆறு வாரம், எட்டு வாரம்கூட ஆகலாம். வேர் வந்ததா என்று இழுத்துப் பார்க்காதீர்கள். தொட்டித் துளையில் வேர் எட்டிப் பார்க்கும்.

அப்புறம் நல்ல வெயில் விழும் இடத்துக்கு மாற்றுங்கள். உரமூட்டையில் மூன்று எண்கள் இருக்கும். நடு எண் மணிச்சத்து (பாஸ்பரஸ்). அது குறைவாகவும் கடைசி எண்ணான சாம்பல் சத்து (பொட்டாசியம்) கூடுதலாகவும் உள்ளதை வாங்குங்கள். பூவுக்கென்று மணிச்சத்தை அள்ளிப் போடும் வழக்கம் செம்பருத்திக்கு ஒத்துவராது. குளிர்காலக் கடைசியில் மூன்றில் ஒரு பங்கு கவாத்து செய்தால் புதுக்கிளை வரும், பூப்பது அதில்தான்.

பிற்சேர்க்கை: மொட்டு உதிர்கிறது என்று பலர் எழுதினீர்கள். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதே முதல் காரணம். கோடையில் காலையில் தவறாமல் ஊற்றுங்கள். நுனி சுருண்டு வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. அந்த நுனியை வெட்டி எரித்துவிட்டு, சோப்புக் கரைசலில் வேப்பெண்ணெய் கலந்து மாலையில் தெளியுங்கள். எறும்பையும் விரட்டுங்கள், பூச்சியைக் காப்பதே அதுதான்.

இன்னொன்று. கோர் தெ கார்த் மலையிலிருக்கும் மாந்த்ரினெட் செடியில் போத்து எடுக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தயவுசெய்து தொடாதீர்கள். அந்த மலையிலும் லெ மோர்னிலும் மட்டுமே இயற்கையாக மிஞ்சியிருக்கும், உலகில் வேறெங்கும் இல்லாத செம்பருத்தி இனம் அது. நம் பூசைச் செம்பருத்தியோடு கலந்து தன் இயல்பை இழக்கும் ஆபத்தும் அதற்கு உண்டு. ஆகவே அந்த மலையடிவாரங்களில் வீடு உள்ளவர்கள் சிவப்பைத் தொட்டியில் வைத்து, பூவை அன்றன்றே பறித்துவிடுங்கள்.