ஆச்சி வீட்டில் ஒரு ரோல் பிலிம்

பிலிம் கேமரா பழக ஆசையா? கோடை லீவில் இரண்டு நாள் சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்புங்கள். நான் பழகியது கல்லிடைக்குறிச்சியில், எங்கள் ஆச்சி வீட்டில். சொல்லித் தந்தது மாமா. கேமராவும் அவருடையதுதான்: பென்டாக்ஸ் கே1000, 50 மி.மீ. லென்ஸ், எல்லாமே கையால் திருகுவது. பேட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் வேலை செய்யும். வெளிச்சம் காட்டும் முள் மட்டும்தான் நின்றுபோகும். இப்போது அதே கேமராவில் அண்ணன் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தருகிறேன்.

ஏன் சொந்தக்காரர் வீடு? காலையில் திண்ணையில் உட்காரும் ஆச்சி சாயங்காலமும் அதே திண்ணையில்தான் இருப்பாள். முகம் மாறாது, சுவர் மாறாது, வெளிச்சம் மட்டும் மாறும். பழகுகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் வேறெங்கும் கிடையாது.

ஒரே ஒரு ரோல் வாங்குங்கள். கோடாக் கோல்டு 200, 36 படம் போதும். கைவசம் இரண்டாவது ரோல் இருந்தால் முதல் ரோலை வாரி இறைத்துவிடுவோம். மாமா காலத்தில் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் ‘இந்து’ கருப்பு வெள்ளை ரோல் கிடைத்தது. 1967இல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. நம் மலையிலேயே பிலிம் செய்தோம் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். வாங்கிய ரோலை டப்பாவோடு ஃபிரிட்ஜில் வையுங்கள். கேமராவில் போடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து, டப்பாவைத் திறக்காமல் விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பிலிம் வேர்த்துவிடும். மே மாத வெயிலில் நிற்கும் காருக்குள் பிலிமை வைக்கவே கூடாது.

அடுத்தது பிலிம் போடுவது. இதை நான் நீட்டித்தான் சொல்வேன். முதல் கோடையில் 36 படம் தாண்டியும் பிலிமை நகர்த்தும் கைப்பிடி நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. கூடுதலாகக் கிடைக்கிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். மாமா கேமராவை வாங்கி இடப்பக்கக் குமிழைத் திருகிப் பார்த்தார். “மருமவனே, உள்ள பிலிமே ஓடலயேடே” என்றார். தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலுக்குக் கிளம்பும் படம் அந்த ரோலில்தான் இருந்திருக்க வேண்டும். அடுத்த கோடையில் தாத்தா இல்லை.

அதனால் நிழலில் உட்கார்ந்து, அவசரமில்லாமல் செய்யுங்கள். இடப்பக்கக் குமிழை மேலே இழுத்தால் பின்கதவு திறக்கும். ரோலை அந்தக் குழியில் வைத்துக் குமிழை அமுக்குங்கள். பிலிமின் நாக்கை வலப்பக்க உருளையின் கீறலில் சொருகி, ஒரு சுற்று சுற்றுங்கள். மேலும் கீழும் உள்ள பற்கள் பிலிமின் ஓட்டைகளில் உட்கார்ந்த பிறகே கதவை மூட வேண்டும். குமிழின் மடக்குப் பிடியை விரித்து, அம்புக்குறிப் பக்கம் லேசாகத் திருகித் தொய்வை எடுங்கள். இனி வலப்பக்கக் கைப்பிடியைத் தள்ளும்போதெல்லாம் இந்தக் குமிழ் எதிர்ப்பக்கமாகச் சுழல வேண்டும். சுழன்றால் பிலிம் ஓடுகிறது. இரண்டு படத்தை வெறுமனே தட்டிவிட்டு, ஷட்டர் வேகச் சக்கரத்தின் வெளி வளையத்தைத் தூக்கித் திருப்பி, ரோலின் பெயரில் உள்ள 200 என்ற எண்ணில் வையுங்கள். எடுக்காத நேரத்தில் லென்ஸை மூடியே வையுங்கள். இந்தக் கேமராவின் மீட்டருக்கு, அதாவது வெளிச்சத்தை அளந்து முள்ளை ஆட்டும் கருவிக்கு, தனி சுவிட்ச் கிடையாது, மூடிதான் சுவிட்ச்.

வெளிச்சக் கணக்கை மாமா ஒரே வரியில் சொன்னார்: நல்ல வெயிலில் அப்பெர்ச்சர் (லென்ஸின் துவாரம்) 16, ஷட்டர் 1/250 நொடி. அங்கிருந்து அப்பெர்ச்சர் எண்ணில் கீழே இறங்க வேண்டும், எண் குறைந்தால் துவாரம் பெரிதாகும். மேகம் மூடினால் 8. திண்ணை நிழலுக்கு 4. வீட்டுக்குள் வாசல் வெளிச்சம் முகத்தில் விழும் இடத்தில் 2.8, ஷட்டர் 1/60. அதற்குக் குறைந்த வேகத்தில் கை நடுங்கும். சந்தேகம் வந்தால் ஒரு படி கூடுதலாகவே வெளிச்சம் விடுங்கள். கலர் நெகட்டிவ் அதைத் தாங்கும், குறைந்தால்தான் படம் சேறாகிவிடும். இந்தக் கணக்கை மனசில் போட்டுவிட்டு அப்புறம் முள்ளைப் பாருங்கள். முள்ளை மட்டும் நம்பினால் ஆச்சியின் வெள்ளைச் சேலையும் சுண்ணாம்புச் சுவரும் ஏமாற்றிவிடும். மீட்டர் எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக நினைத்து வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லும். கிட்டப் போய் முகத்தை மட்டும் வைத்து அளந்துவிட்டுப் பின்னால் வாருங்கள். எங்கள் வீட்டு மாநிறத்துக்கு அது சரியாக வரும்.

சனிக்கிழமை காலையில் முதல் வேலையாக எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தி ஒரு குரூப் படம் எடுத்துவிடுங்கள். பிள்ளைகள் ஓடிவந்து கேமராவின் முதுகைப் பார்ப்பார்கள். அங்கே ஒன்றும் தெரியாது. அதன்பின் கேமராவை எல்லோரும் மறந்துவிடுவார்கள். உங்களுக்கு வேண்டியதும் அதுதான். அத்தை மாடியில் வடகம் பிழியும்போது பக்கத்தில் உட்கார்ந்து துணி மூலையைப் பிடித்துக்கொடுங்கள். பத்து நிமிஷம் கழித்து ஒரு படம் எடுங்கள். பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை சூரியன் உச்சியில் நின்று கண்குழியைக் கருப்பாக்கும். அந்த நேரம் நுங்கு சாப்பிடவும் கூடத்தில் படுத்துத் தூங்கவும்தான். மாலையில் பொதிகை மலைக்குப் பின்னால் வெயில் சீக்கிரம் இறங்கிவிடும், அதனால் நாலரைக்கே கிளம்பிவிடுங்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் குறிப்பு எழுத ஒரு ஆளைப் போடுங்கள். எங்கள் வீட்டில் அண்ணன் மகள், பழைய கணக்கு நோட்டில் எழுதினாள்: “7, ஆச்சி, திண்ணை, 4, 250.” இதே ஆச்சியைக் காலையிலும் மதியத்திலும் மாலையிலும் ஒவ்வொன்று எடுங்கள். நெகட்டிவ் வந்ததும் நோட்டோடு வைத்துப் பார்த்தால் எது ஏன் கெட்டது என்று தெரிந்துவிடும். ஞாயிறு காலை தாமிரபரணிக்குப் போகும்போது கேமராவைப் பாலிதீன் பையில் சுற்றுங்கள். படித்துறையில் குளிக்கிறவர்கள் பக்கம் திருப்பாதீர்கள். ஈரத் தலையோடு வீடு திரும்பும் உங்கள் ஆட்கள் போதும்.

ரோல் முடிந்தால் கைப்பிடி இறுகும். இழுத்து முறிக்க வேண்டாம். அடியில் உள்ள சின்னப் பொத்தானை அமுக்கிவிட்டு, மடக்குப் பிடியை அம்புக்குறிப் பக்கம் சுற்றுங்கள். இறுக்கம் விட்டு லேசானதும் கதவைத் திறக்கலாம். அந்த வாரமே கழுவக் கொடுங்கள். சூட்டில் கிடந்தால் நிறம் கெடும். கொடுக்கும்போதே “நெகட்டிவ் திருப்பி வேணும்” என்று சொல்லிவிடுங்கள், சில இடங்களில் ஸ்கேன் மட்டும்தான் அனுப்புகிறார்கள். ஆச்சிக்கு அனுப்பும் பிரிண்டை மேட் பேப்பரில் போடச் சொல்லுங்கள். அவள் அதை வடகம் பிழிந்த கையோடு எடுத்து, தடவித் தடவிப் பார்ப்பாள்.