துருவேறி இறுகிய டிராக்டர் ஹப்பை உடைக்காமல் கழற்றுவது எப்படி?

மாமாவின் செடிப் பண்ணை சிங்கப்பூரின் லிம் சூ காங்கில் இருக்கிறது. மண்மூட்டை, உரம், பூந்தொட்டி எல்லாவற்றையும் அங்கே இழுத்துப் போவது ஒரு பழைய தோட்ட டிராக்டர். அமெரிக்காவில் செய்தது, கிட்டத்தட்ட என் வயது இருக்கும். போன மழைக்காலத்தில் அதன் பின்சக்கரத்துப் பக்கம் இரண்டு ஆயில் சீல்களும் ஒழுக ஆரம்பித்தன. சீல் மாற்றுவது பத்து நிமிட வேலைதான். ஆனால் சீலை மறைத்துக்கொண்டு நின்ற, சக்கரம் பூட்டும் ஹப்புகளைக் கழற்ற எனக்குப் பன்னிரண்டு நாள் பிடித்தது. வலப்பக்க ஹப்பை உடைத்துவிட்டேன். இடப்பக்க ஹப்பைக் கீறல் விழாமல் எடுத்தேன். இரண்டிலும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

அமைப்பு எளிமையானது. கியர் பெட்டியிலிருந்து ஓர் அங்குல உருளை அச்சு வெளியே வருகிறது. வார்ப்பிரும்பு ஹப் அதன்மேல் நெருக்கமாக நுழைந்திருக்கும். இரண்டும் சேர்ந்து சுற்றுவதற்கு நடுவில் ஒரு சின்ன இரும்புக் கீ. ஹப் நகராமல் இருக்கக் கழுத்தில் ஒரு கிரப் ஸ்க்ரூ, அதாவது அறுகோணக் குழி உள்ள தலையில்லாத ஸ்க்ரூ. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை, காற்றில் சராசரி ஈரப்பதமே 80 சதவீதத்தைத் தாண்டும். மயிரிழை இடைவெளியில் அந்த ஈரம் போய் உட்காருகிறது. இரும்பு துருவாக மாறும்போது இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அதனால் துருவே ஆப்பாகி உள்ளே இறுக்கிவிடுகிறது.

முதலில் பாதுகாப்பு

பேட்டரி வயரைக் கழற்றுங்கள், பெட்ரோலை வடித்து வேறு இடத்தில் வையுங்கள். முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கில் தூக்கிய பிறகு ஸ்டாண்டில் இறக்காமல் அடியில் கை விடாதீர்கள். பண்ணை மண் மழையில் கொழகொழவென்று இருக்கும், ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த பலகை போடுங்கள். ஐந்து போல்ட்டுகளையும் கழற்றிச் சக்கரத்தை எடுத்துக் கூரைக்கு அடியில் வையுங்கள். வெளியே கிடந்தால் ஒரே மழையில் சக்கரக் குழிவில் தண்ணீர் தேங்கும், ஏடிஸ் கொசு முட்டையிட அது போதும்.

கிரப் ஸ்க்ரூ: அங்குலமா, மில்லிமீட்டரா?

நம் ஊரில் கைக்குக் கிடைக்கும் அலன் கீ எல்லாம் மில்லிமீட்டர். இந்த வண்டியோ முழுக்க அங்குலம். எங்கள் பண்ணையில் புதுக்கோட்டை அண்ணன் ஒருவர் வேலை பார்க்கிறார். அவர் ஸ்க்ரூவைப் பார்த்ததுமே, “தம்பி, இது மூணு நூல். ஒன்றரை நூல் கீ வாங்கிட்டு வா” என்றார். அங்குலத்தில் எட்டில் ஒன்று ஒரு நூல். மூன்று நூல் ஸ்க்ரூவின் குழிக்கு ஒன்றரை நூல் கீ சரியாக உட்காரும், அதாவது 4.76 மில்லிமீட்டர். 5 மில்லிமீட்டர் கீ உள்ளே போகாது. 4.5 கீ போகும், ஆனால் லொடலொடவென்று ஆடும். அதைப் போட்டு ஒரு முறை பலமாகத் திருப்பினால் குழியின் மூலை மழுங்கிவிடும், பிறகு டிரில் போட்டுத்தான் எடுக்கவேண்டும். ஜாலான் புசார் பக்கத்து வன்பொருள் கடை ஒன்றில் அங்குல செட் வாங்கிக்கொண்டேன். ஸ்க்ரூவில் அலன் கீயை வைத்து, அதன் தலையில் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்புங்கள். துரு விரிசல் விடும்.

எண்ணெய் ஊறவேண்டும்

டபிள்யூடி-40 எல்லார் வீட்டிலும் இருக்கும். 1953ல் அதைச் செய்தது ஈரத்தை விரட்டுவதற்காக. இறுகிய ஹப்புக்கு நான் அதை நம்புவதில்லை. என் தேர்வு, அசிட்டோனும் ஆட்டோ கியர் காருக்கு ஊற்றும் சிவப்பு ஏடிஎஃப் எண்ணெயும் பாதிக்குப் பாதி. இரண்டும் ஒன்றோடொன்று சேராது, ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டு உடனே விடவேண்டும். ஸ்க்ரூ இருந்த ஓட்டை வழியாகவும் அச்சின் இரும்புக் கீ தெரியும் பிளவு வழியாகவும் காலை, மாலை சொட்டுச் சொட்டாக மூன்று நாள் விடுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் சிகரெட்கூடக் கூடாது.

புல்லர்: நான் தவறிய இடம்

வலப்பக்க ஹப்புக்கு, பிடித்து இழுத்துக் கழற்றும் மூன்று கால் புல்லர் இரவல் வாங்கினேன். ஹப்பில் சக்கரம் பொருந்தும் தட்டின் விளிம்பில் கால்களை மாட்டி, ஸ்பேனரில் ஒரு நீளக் குழாயைச் சொருகி, முழு பலத்தையும் போட்டு இழுத்தேன். மணி அடித்ததுபோல் “டிங்” என்று ஒரு சத்தம். வெற்றிலை அளவுக்கு ஒரு துண்டு தட்டிலிருந்து பிய்ந்து தரையில் கிடந்தது. உடைந்த இடத்தில் வார்ப்பிரும்பு சாம்பல் நிறத்தில், சர்க்கரை மாதிரிப் பொடிப்பொடியாகத் தெரிந்தது. எஃகு வளைந்து கொடுக்கும், வார்ப்பிரும்பு கொடுக்காது. பழைய ஹப் ஒன்றை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தோம். கப்பல் கட்டணம் ஹப்பின் விலையைத் தாண்டியது. மாமா ஒரு வார்த்தை பேசாமல் பணத்தைக் கட்டினார், அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அதனால் சொல்கிறேன், விளிம்பைப் பிடித்து இழுக்கும் புல்லர் வேண்டவே வேண்டாம். சக்கர போல்ட் ஓட்டைகளைப் பிடித்து இழுக்கும் தகடு செய்துகொள்ளுங்கள். ஹப்பின் முகத்தில் தமிழ் முரசின் ஒரு தாளை விரித்து, கிரீஸ் தடவிய கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தேன். ஐந்து ஓட்டைகளும் நடு அச்சும் கறுப்பு வட்டமாகத் தாளில் பதிந்தன. அதை 12 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டில் ஒட்டி, சுங்கை காடுட்டில் ஒரு வெல்டிங் பட்டறையில் ஓட்டை போட்டு, நடுவில் ஆறு நூல் நட்டு ஒன்றை வெல்ட் வைத்து வாங்கினேன். அந்த நட்டில் நுழையும் போல்ட்டுதான் அச்சைத் தள்ளும். அதன் மரையில் கிரீஸ் தடவுங்கள். அச்சு முனைக்கும் போல்ட்டுக்கும் நடுவில் ஒரு பித்தளைத் துண்டு வையுங்கள்.

தகட்டை மாட்டும்போது இன்னொரு பொறி இருக்கிறது. ஹப் ஓட்டையின் மரை அரை அங்குலம், அங்குலத்துக்கு 20 சுற்று. நம் ஊர் 12 மில்லிமீட்டர், 1.25 மரை போல்ட்டும் அதற்குள் போவதுபோல் இருக்கும், ஏனென்றால் மரை இடைவெளி ஏறக்குறைய ஒன்றே. ஆனால் விட்டம் 0.7 மில்லிமீட்டர் குறைவு. இழுவை ஏறியதும் மரையை உரித்துக்கொண்டு வந்துவிடும். வண்டியின் சொந்தப் போல்ட்டுகளையே போடுங்கள், நீளம் போதாவிட்டால் அதே மரையில் நீளமானது வாங்குங்கள். தகட்டுக்கும் ஹப்புக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்கட்டும்.

இப்போது நடு போல்ட்டை ஸ்பேனர் நின்றுவிடும்வரை இறுக்குங்கள், குழாய் சொருகவேண்டாம். ஹப்பின் தடித்த கழுத்தின் ஒரு பக்கம் கனமான சுத்தியலைத் தாங்கலாக வைத்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் தட்டுங்கள். தட்டில் அடிக்காதீர்கள். அச்சு முனையில் அடிக்கவே கூடாது. அந்த அடி நேராகக் கியர் பெட்டிக்குள் போய், அச்சைப் பிடித்திருக்கும் வளையத்தைப் பதம் பார்க்கும். முனையும் பூப்போல விரிந்துவிடும், பிறகு ஹப் எந்த வழியாக வெளியே வரும்?

தட்டியதும் எண்ணெய் விட்டு, அப்படியே இறுக்கத்தில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். மறுநாள் காலை நடு போல்ட் எட்டில் ஒரு சுற்று கூடுதலாகத் திரும்பும். மாலையில் இன்னும் கொஞ்சம். ஹப்பும் அச்சும் சேருமிடத்தில் வெள்ளைப் பெயின்டால் கோடு போட்டிருந்தேன். நான்காம் நாள் காலையில் வந்து பார்த்தபோது அந்தக் கோடு உடைந்து, நடுவில் அரை மில்லிமீட்டர் செந்நிற அச்சு தெரிந்தது. இரவில் யாரும் தொடாமல் அது தானே நகர்ந்திருக்கிறது. அங்கிருந்து எண்ணெய் விட்டு இழுக்க, ஒரு மணி நேரத்தில் கைக்கு வந்துவிட்டது.

நான்கு நாளிலும் நகராவிட்டால்

சூடு காட்டலாம். ஹப்பின் கழுத்துக்கு மட்டும், சுற்றிலும் சமமாக. 25 மில்லிமீட்டர் ஓட்டை 200 டிகிரி சூடேறினால் 0.06 மில்லிமீட்டர் விரியும், மயிரிழை கனம்தான். துருவின் பிடி விடுவதற்கு அது போதும். அதற்குமுன் எண்ணெயை நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். பிரேக் கிளீனரால் துடைக்காதீர்கள், குளோரின் கலந்த வகை சூடுபட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு வரும். சூடான கழுத்தில் மெழுகுவத்தியைத் தொட்டால் மெழுகு உருகி இடுக்குக்குள் ஓடும். சூட்டில் சீல் கருகிவிடும், எப்படியும் மாற்றத்தானே போகிறோம்.

திருப்பிப் பூட்டும்போது அச்சை உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி இறுகாமல் காக்கும் செம்பு நிற ஆன்டி-சீஸ் பசை தடவிப் புதிய இரும்புக் கீ போடுங்கள். கிரீஸ் நம் மழைக்கு நிற்காது.

பிற்சேர்க்கை: ஜொகூரிலிருந்து ஒரு வாசகர், கிரப் ஸ்க்ரூவை எடுத்து ஒரு வாரம் இழுத்தும் ஹப் அசையவில்லை என்று எழுதினார். ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னேன். அடியில் கீயின் இரும்பு தெரியவேண்டிய இடத்தில் இன்னோர் அறுகோணக் குழி இருந்தது. சில வண்டிகளில் முதல் ஸ்க்ரூ தளராமல் இருக்க அதன் தலைமேல் இரண்டாவதாக ஒன்றைப் போட்டு இறுக்கியிருப்பார்கள். இதை நான் முதலிலேயே எழுதியிருக்கவேண்டும். உள்ளே இருந்ததையும் எடுத்தார், அன்று சாயங்காலமே ஹப் வந்துவிட்டது.